கை எட்டும் தூரம்

ரிவர்ஸ் கியர் விழுந்ததும், டாஷ்போர்டின் மேல் ஒட்டியிருந்த சின்னக் கருவி எடுத்த எடுப்பிலேயே நீளமாகக் கத்தியது.

அது அப்படிக் கத்தக்கூடாது. முதலில் விட்டு விட்டு ஒலிக்க வேண்டும். பின்னால் இருக்கும் சுவரோ தூணோ நெருங்க நெருங்க, ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகிக்கொண்டே வந்து, இனிக் கொஞ்சம் நகர்ந்தாலும் இடித்துவிடுவாய் என்கிற இடத்தில்தான் ஒரே இழுப்பாகக் கத்த வேண்டும். இங்கே வண்டி இன்னும் நகரவே இல்லை. கருவியின் நடுவில் 0.6 என்று சிவப்பாக எண் நின்றது. எண்ணின் இரு பக்கமும் உள்ள கோடுகளில் இடது கோடு மட்டும் எரிந்தது. வேனுக்குப் பின்னால், இடது பக்கமாக, ஒருவர் கையை நீட்டினால் வண்டியைத் தொட்டுவிடுகிற தூரத்தில், ஏதோ நிற்கிறது என்று அதற்குப் பொருள்.

அவன் பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். சலவைக்கூடத்தின் முற்றம் காலியாகக் கிடந்தது. மழை பெய்து ஓய்ந்த சிமெண்டுத் தரை, அதில் மாலை வானத்தின் சாம்பல் நிறம், தூரத்தில் நீராவி கசியும் குழாய். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். சோப்பும் கஞ்சியும் கலந்த வெதுவெதுப்பான வாசனை மட்டும் அங்கே நின்றுகொண்டிருந்தது. பம்பரில் பொத்தான்களைப்போல் வரிசையாகப் பதிந்திருந்த சென்சார்களைக் கைக்குட்டையால் துடைத்தான். ஏறி உட்கார்ந்து மறுபடி கியரைப் போட்டான்.

கத்தியது. 0.6. இடது கோடு.

"என்ன தலைவரே, காத்தைப் பாத்து பிரேக் போடறீங்க?" மூட்டை இறக்குகிற ஆள் தள்ளுவண்டியோடு நின்று சிரித்தான். வழுவழுவென்ற தலை, எல்லோருக்கும் அவன் மொட்டைதான்.

"சென்சார் கத்துதுடா."

"அதுக்குப் பசியோ என்னவோ. வண்டிக்கு டீசல் ஊத்தறீங்கல்ல, அதுக்கும் ஏதாவது ஊத்துங்க."

மொட்டை சொன்னதற்கு அவன் சிரிக்க முயன்றான். உதடு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அழுக்கு விரிப்புகளை அள்ளி வந்து இறக்கி, வெளுத்து மடித்ததை ஏற்றிக்கொண்டு போவது அவன் பிழைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை வாசல்களில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருக்கிறது! எல்லா வாசலிலும் இப்படித்தான் கத்துகிறது. பின்னால் சுவர் இருந்தாலும் 0.6, மைதானம் இருந்தாலும் 0.6. நிற்பது எதுவோ, அது வண்டியோடு சேர்ந்து வருகிறது.

அன்று திரும்பும் வழியிலேயே அவன் சென்சார்க்காரரின் பட்டறைக்கு வண்டியை விட்டான்.

பட்டறையில் ஈயம் உருகிய வாசனை. சுவரெல்லாம் ஒயர் சுருள்கள். சென்சார்க்காரர் வயதானவர் அல்ல, ஆனால் குனிந்தே வேலை செய்து முதுகு வளைந்தவர். பேசும்போதும் கை சும்மா இருக்காது. போன வாரம் இந்தக் கருவியைத் திரும்ப உயிர்ப்பித்துக் கொடுத்தவரும் அவர்தான். பல மாதங்கள் அணைத்து வைத்திருந்ததை, பழைய நினைவையெல்லாம் அழித்து, புதிதாக வேலை செய்ய வைத்துத் தரச் சொல்லி அவனே கேட்டிருந்தான். காரணம் பாப்பா. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவன் மகள், இன்னும் பால் பல் விழாதவள், மாலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம்" என்று கை காட்டத் தொடங்கியிருந்தாள். கண்ணாடிக்கு எட்டாத உயரம். கருவி இருந்தால் அவளைப் பார்த்துக் கத்தும், அவன் நிறுத்திவிடலாம். அதற்காகத்தான்.

சென்சார்க்காரர் வண்டியை ரிவர்ஸில் போடச் சொல்லிவிட்டு, பம்பருக்கு முன் குத்துக்காலிட்டு, ஒவ்வொரு சென்சாரின் மேலும் விரல் நுனியை வைத்து வைத்துப் பார்த்தார். நோயாளியின் நாடியைப் பார்ப்பதைப் போலிருந்தது.

"எல்லாத்துக்கும் உயிர் இருக்கு சார். துடிக்குது."

"அப்ப ஏன் கத்துது?"

"இது ஒண்ணும் மாயம் இல்ல. நம்ம காதுக்குக் கேக்காத ஒரு சத்தத்தை அனுப்பும். எதிர்ல ஏதாவது இருந்தா பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு நேரத்துல திரும்புச்சுன்னு பாத்து தூரத்தைச் சொல்லும். கிணத்துக்குள்ள குரல் குடுத்துப் பாக்கறோம்ல, அதேதான்." அவர் ஒரு அட்டையைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினார். எண் அசையவில்லை. அட்டையை வலது பக்கம் கொண்டுபோனபோது வலது கோடும் எரிந்தது, அட்டையை எடுத்ததும் அணைந்தது. இடது கோடு அணையவே இல்லை. இடது பக்க சென்சாரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். 0.6.

சென்சார்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்தார்.

"பழைய நினைவை அழிச்சேனே, அது என்ன சார்? பின்னாடி ஏணி கீணி மாட்டியிருந்தீங்களா? ஸ்டெப்னி தொங்குச்சா?"

அவன் டாஷ்போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்தக் கருவிகளில் ஒரு பட்டன் உண்டு. வேனின் பின்னால் ஏணியோ கொக்கியோ மாட்டியிருந்தால் சென்சார் அதையே பார்த்து ஓயாமல் கத்துமல்லவா? அப்போது அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால், இந்தத் தூரத்துக்குள் இருப்பதெல்லாம் வண்டியின் பாகம் என்று கருவி கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு அதைப் பார்த்துக் கத்தாது. அவன் அந்தப் பட்டனை ஒரே ஒருமுறை அழுத்தியிருந்தான். பின்னால் ஏணி இல்லை. அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டித் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அக்கா. பேச்சு அவளுக்கு மெதுவாக வரும், புரிவது அதைவிட மெதுவாக. அவனுக்குக் கல்யாணமான பிறகு வீட்டில் அவளுக்கென்று மிஞ்சிய வேலை ஒன்றே ஒன்றுதான். மாலையில் அவன் வேனைப் பின்னால் எடுத்து ஷெட்டுக்குள் விடும்போது, செங்கல் நிறக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இடது கண்ணாடியில் தெரியும்படி, கை எட்டும் தூரத்தில் நின்று வண்டியோடு கூடவே பின்னால் நடப்பாள். "வரலாம்... வரலாம்... வரலாம்..." சுவர் நெருங்கியதும் உள்ளங்கையால் வண்டியின் முதுகில் இரண்டு முறை தட்டி, "போதும் தம்பி" என்பாள். வண்டி நிற்கும். உலகத்தில் அவள் சொல்லி நின்றது அந்த வண்டி ஒன்றுதான்.

சென்சார் வந்ததும் அவன் சொன்னான், இனி நீ நிற்க வேண்டாம் என்று. அவள் நின்றாள். கருவி அவளைப் பார்த்துக் கத்தியது. மறுநாளும் நின்றாள். மறுநாளும் கத்தியது.

"அது என்னைத் திட்டுதுடா," என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது.

பகலெல்லாம் சலவைக்கூடத்தில் ஏச்சு வாங்கிவிட்டு வந்த எரிச்சலில் அவனுக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. "அசையாம நில்லுக்கா. உன்னையும் வண்டியில சேத்துடறேன்." அவள் நிஜமாகவே அசையாமல் நின்றாள். போட்டோவுக்கு நிற்பதுபோல் சால்வையைச் சரிசெய்து, கைகளை ஒட்டி வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. அவன் பட்டனை அழுத்தினான். கருவி வாயை மூடியது.

"இனிமே கத்தாதா?"

"கத்தாது. நீயும் இப்ப வண்டியில ஒரு பார்ட்."

அக்கா அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பால் போடுகிறவரிடம்கூட. "நானும் வண்டியில ஒரு பார்ட்."

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, ஷெட்டின் பின்சுவருக்கும் வேனுக்கும் நடுவில் அவள் செத்துப்போனாள். மழை, வழுக்கல், விபத்து என்றார்கள் எல்லோரும். பட்டனைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

"சார்," சென்சார்க்காரர் மெதுவாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி, இறங்கிப் பின்னாடி போய்ப் பாத்தீங்களா? நான் எல்லார்கிட்டயும் சொல்றது அது ஒண்ணுதான்."

"பாத்தேன்," என்றான் அவன். உண்மைதான். பார்த்துவிட்டுத்தான் அழுத்தினான்.

சென்சார்க்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு காசு வேண்டாம் என்று கையசைத்தார். "கத்தட்டும் சார், விடுங்க. காதுக்குக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். ஆனா மறுபடி பட்டனைத் தொடாதீங்க. கத்தற சென்சாரால யாருக்கும் எதுவும் ஆகாது. உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க. ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

கடவுள் சில சமயம் இப்படி யாரோ ஒருவரின் வாயில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுவார். அவன் நேரமாகிவிட்டது என்று சொல்லி வண்டியை எடுத்தான்.

வீட்டுச் சந்து குறுகல். தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, கருவி காதுக்குள் ஆணி இறக்குவதுபோல் கத்திக்கொண்டே இருக்க, தன் கண்ணை மட்டும் நம்பி அங்குலம் அங்குலமாக வேனை ஷெட்டுக்குள் விட்டான். முன்பு பின்சுவரில் ஒரு பழைய டயர் தொங்கும். வண்டி அதில் மெத்தென்று முட்டினால் சரியான இடம் வந்துவிட்டது என்று கணக்கு. இப்போது டயர் இல்லை. அது தொங்கிய கொக்கியும், சுவரில் வட்டமான கறையும் மட்டும் இருந்தன. டயரை அவனே கழற்றி, உருட்டிக்கொண்டு போய், ஊர்க் குப்பையில் போட்டுவிட்டு வந்திருந்தான்.

வாசலில் மனைவி பாப்பாவின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பாப்பா செங்கல் நிறச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். அது தரையில் புரண்டது.

"அதைக் கழட்டச் சொல்லு."

"கழட்டினா அழறா. அத்தை வாசனை வருதாம்." மனைவி குரலைத் தாழ்த்தினாள். "குழந்தைதானே. விடுங்களேன்."

மறுநாள் காலையில் ஓர் அதிசயம் நடந்தது. முதல் விடுதியின் வாசலில் ரிவர்ஸ் போட்டான். கருவி ஒன்றும் சொல்லவில்லை. வண்டி நகர, பின்சுவர் நெருங்க, விட்டு விட்டு ஒலித்து, ஒழுங்காகக் கத்தி, ஒழுங்காக ஓய்ந்தது. அடுத்த வாசலிலும் அப்படியே. அன்று முழுக்க அவனுக்குக் கால் தரையில் படவில்லை. மொட்டைக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பாப்பாவுக்கு ஒரு மஞ்சள் பலூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வண்டியை விட்டுவிட்டு இறங்கியபோது, ஷெட்டின் பின்மூலையில் சுவரோரம் ஒரு சாப்பாட்டுத் தட்டு இருப்பதைப் பார்த்தான்.

தட்டு காலியாக இருந்தது. எலி தின்றால் பருக்கை சிதறியிருக்கும். இது கழுவி வைத்ததுபோல் இருந்தது. மேலே மூடியிருந்த கிண்ணம் பக்கத்தில் ஒழுங்காகக் கவிழ்ந்திருந்தது.

"யார் வெச்சது இது?"

"நான்தான்," என்றாள் பாப்பா பலூனைப் பார்த்தபடி. "நேத்து நைட் வெச்சேன். அத்தை சாப்பிட்டா. அன்னிக்கு நாம குடுக்கலைல்ல."

அவன் தட்டை எடுக்கக் குனிந்து, பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டான்.

அன்றைக்கு. மழை தகரக் கூரையில் கல் கொட்டுவதுபோல் கொட்டிய அந்த மாலை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. கருவி அமைதியாக இருந்தது, அதனால் வந்தான். மெத்தென்று முட்டியது, டயர் என்று நினைத்தான். இறங்கி, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். காலையில்தான் அக்காவை ஏதோ திட்டியிருந்தான். கோபம் வந்தால் அவள் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். அன்றும் அந்தக் கதவு சாத்தியிருந்தது.

"கதவைத் தட்டிப் பாக்கட்டுமா?" என்று மனைவி கேட்டாள். விடு, என்றான்.

"அத்தைக்குத் தட்டுல எடுத்துக் குடுக்கவா?" என்று பாப்பா கேட்டாள். பசிச்சா வருவா, என்றான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாப்பா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அப்பா, ஷெட்ல யாரோ தட்டறாங்க."

"வண்டி ஆறுதும்மா. சூடான இரும்பு ஆறும்போது அப்படித்தான் சத்தம் வரும்."

"ரெண்டு ரெண்டா தட்டறாங்கப்பா."

"சாப்பிடு."

காலையில் ஷட்டரைத் தூக்கி, வண்டியை முன்னால் எடுத்த பிறகுதான் பார்த்தான். வேனின் முதுகு முழுக்கச் சாலைச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. ஒரே ஓர் இடம், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, தேய்த்துத் துலக்கியதுபோல் பளபளத்தது. தட்டினால் வண்டி நிற்கும் என்பதுதானே அவளுக்குத் தெரிந்தது. இரவு முழுக்க, முடிந்தவரைக்கும், தட்டியிருக்கிறாள்.

ஒரே ஒரு தட்டுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் அந்த அறைக் கதவைத் திறந்திருந்தால் போதும்.

இதெல்லாம் ஒரு நொடியில் அவனுக்குள் திரும்பி வந்தது. வந்தது இரக்கமாக மாறியிருக்கலாம். அவனுக்கு அது பயமாக மாறியது, பயம் கோபமாக. ஓங்கி உதைத்தான். தட்டு சுவரில் மோதிச் சுழன்று, சுழன்று, நீண்ட நேரம் தரையில் அதிர்ந்து ஓய்ந்தது. அக்காவைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று பாப்பாவை அறைந்தான். அவனிடம் அவள் வாங்கிய முதல் அடி அது. பலூன் அவள் கையிலிருந்து நழுவிக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது.

பாப்பா அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பெரியவர்கள் விளக்கிச் சொல்வதுபோல் சொன்னாள். "அத்தை தனியா நிக்கறாப்பா. பயமா இருக்காம். நான் கூட நிக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

அன்று இரவு அவன் மனைவியிடம் கெஞ்சினான். வண்டிச் சத்தம் கேட்டால் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொள். எஞ்சின் அணையும்வரை விடாதே. என்ன ஆனாலும் விடாதே.

"ஒரு தட்டுதானேங்க," என்றாள் மனைவி, இருட்டைப் பார்த்தபடி. "வெச்சுட்டுப் போகட்டுமே. நமக்கு என்ன குறைஞ்சுடும்?"

"பைத்தியம் மாதிரிப் பேசாதே," என்றான்.

மறுநாள் முதல் வாசலில் கருவி கத்தியது. 0.6. இடது கோடு.

அதன் பிறகு அது கத்திய கத்தல் வேறு. ஒலிக்கும் ஒலி அதேதான், ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருப்பதாக அவனுக்குப் பட்டது. மூடிய பாத்திரத்துக்குள் யாரோ பேசுவது போல, மெதுவாக, இழுத்து இழுத்து. காதைக் கூர்மையாக்கினால் கேட்காது. வேறு எதையாவது நினைக்கும்போது கேட்கும். வேனுக்குள் வெளுத்த துணியின் வாசனையையும் மீறி ஈரக் கம்பளியின் வாடை வந்தது. பின்கதவைத் திறந்து விரிப்புக் கட்டுகளை இறக்கிவிட்டு மூடும்போதெல்லாம் இடது பக்கம் நிற்காமல் வலது பக்கமாகவே ஒதுங்கி நின்றான். மொட்டை அதையும் கவனித்தான். "அந்தப் பக்கம் யாருக்கு ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கீங்க தலைவரே?" அவன் மொட்டையின் சட்டையைப் பிடித்துவிட்டான். பிறகு விட்டான். மொட்டை அன்று முழுக்க அவனிடம் பேசவில்லை.

கடைசி நாள் காலையிலிருந்தே மழை.

மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவன் சந்துக்குள் திரும்பியபோது தகரக் கூரைகள் எல்லாம் ஒரே குரலில் இரைந்துகொண்டிருந்தன. துடைப்பான் தள்ளத் தள்ளக் கண்ணாடியில் தண்ணீர் திரும்பத் திரும்ப மூடியது. பக்கக் கண்ணாடிகளில் சிவப்பு விளக்கு கரைந்து ஓடியது, அவ்வளவுதான். அவன் வண்டியை ஷெட்டுக்கு நேராக நிறுத்தி, ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

கத்தியது.

காலையிலிருந்து எத்தனை வாசல். எத்தனை முறை. தலைக்குள் ஏதோ நரம்பு அறுந்து தொங்குவதுபோல் இருந்தது. வாயைத் திறந்து அவனும் கத்தினான். மழையில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கருவியின் குரல் மட்டும் கேட்டது. அதற்கு அடியில், இழுத்து இழுத்து, மற்றது.

கருவியைப் பார்த்தான். 0.6. இடது கோடு எரிந்தது.

வலது கோடும் எரிந்தது.

மழை, என்று நினைத்தான். மழைத்துளி சென்சாரில் தங்கினால் இப்படி ஆகும், சென்சார்க்காரரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். இறங்கித் துடைக்கலாம். இறங்கினால் பின்னால் போக வேண்டும். இருட்டில், அந்தப் பின்புறத்துக்கு, தனியாக. அழுத்துவதற்கு முன்னால் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். யார் இருக்கப் போகிறார்கள்? மனைவி பாப்பாவைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பின்னால் நிற்பவளை அவனுக்குத் தெரியும். அவளைப் போய்ப் பார்க்க அவனால் முடியாது.

விரல் பட்டனைத் தேடிப் போனது. அழுத்தினான். அழுத்திப் பிடித்தான்.

"அசையாம நில்லுக்கா," என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

கருவி இரண்டு முறை விக்கியது. எண் அணைந்தது. இடது கோடு அணைந்தது. வலது கோடும்.

அமைதி.

எவ்வளவு இனிமையான அமைதி! மழையின் இரைச்சல்கூட இப்போது தாலாட்டுப்போல் இருந்தது. அவன் இருக்கையில் சாய்ந்து மூச்சை விட்டான். மெதுவாகக் கிளட்சை விட்டான். வண்டி பின்னால் ஊர்ந்தது. ஷெட்டின் கூரைக்குள் பாதி நுழைந்தது. கருவி ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் வந்தான். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. வரலாம், வரலாம்.

மெத்தென்று முட்டியது.

டயர்தான். சரியான இடம். அவன் எஞ்சினை அணைத்து, சாவியை உருவி, கதவின் மேல் கை வைத்தான்.

கை அங்கேயே நின்றது.

டயர் இல்லை.

டயரை அவன்தான் கழற்றினான்.

உருட்டிக்கொண்டு போய்.

குப்பையில்.

கூரையில் மழை கொட்டியது. எஞ்சின் ஆறத் தொடங்கியது. இரும்பு டக்கென்றது. மறுபடி டக்கென்றது. அவன் மூச்சு விடவில்லை. சூடான இரும்பு ஆறும்போது அப்படித்தான். அப்படித்தான் சத்தம் வரும். அப்படித்தான்.

வீட்டு வாசலில் வெளிச்சம் விழுந்தது. மனைவி குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். அவள் கையில் மூடிய தட்டு ஒன்று இருந்தது. ஆவி பறந்தது. முகத்தில் ஏதோ சின்னக் கள்ளச் சிரிப்பு, புருஷனுக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்ய வந்து மாட்டிக்கொண்டவளின் சிரிப்பு.

"கோச்சுக்காதீங்க," என்று மழையை மீறிக் குரல் கொடுத்தாள். "நான்தான் எடுத்து வெச்சேன். அடுப்புப் பக்கம் திரும்பினேன், அதுக்குள்ள பாப்பா கையை உருவிட்டு ஓடிட்டா. இப்பத்தான். உங்ககிட்டதானே வந்தா? முன்னாடி ஏறிட்டாளா?"

அவன் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். இருக்கை காலியாக இருந்தது.

இடது கண்ணாடியில், நீர் வழிந்த சிவப்பு வெளிச்சத்தில், வண்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து செங்கல் நிறக் கம்பளியின் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொரு முனை.

தட்டினார்கள்.

மேலே ஒரு கை, இரண்டு முறை. அதற்குக் கீழே, வெகு கீழே, சின்னக் கை, இரண்டு முறை.

"என்னங்க? பாப்பா எங்க?"

பின்னாலிருந்து குரல் வந்தது. மெதுவாக, இழுத்து இழுத்து, அவன் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த அந்த இழுப்பில். ஆனால் குரல் அக்காவுடையது அல்ல. பால் பல் விழாத வாயின் குரல்.

"போதும் தம்பி," என்றது.